கொக்கிவேந்தன் மாடசாமி குருதி கொடுத்த படலம்

வாழ்க மாடசாமி! சாயநீரும் சோப்பு நுரையும் சுமந்து முளா ஆறு சுழித்தோடும் போபோடி மாநகரின் மூன்றாம் சந்தில், தகரக் கூரை வேய்ந்த ஒன்றரை அறை அரண்மனையில் வீற்றிருந்து, நாள்தோறும் லோக்கல் வண்டியில் ஒற்றைக்காலில் நின்றபடி மேற்கே படையெடுத்து, ஆகுர்டித் தொழிற்சாலையொன்றின் தகடழுத்தும் பிரஸ் ஷாப்பில் நாற்பதடி உயரத்தில் தொங்கும் கிரேன் கேபின் என்னும் சிம்மாசனம் ஏறி, பதினைந்து டன் இரும்பு அச்சுகளை இடக்கை விரலால் தூக்கி வலக்கை விரலால் இறக்கிப் பதினெட்டு ஆண்டுகள் கொக்கி ஓச்சிய வேந்தன் வாழ்க! திருநெல்வேலிச் சீமை ஈன்று மகாராட்டிரம் வாங்கிக்கொண்ட மாணிக்கம் வாழ்க! அவன் பெரும்போரைப் பாடப் புகுந்த எமக்கு நாவன்மை நல்குமாறு, விரல் நுனியில் குத்தினாலும் ஆண்மக்களின் கண்ணில் நீர் வரவழைக்கும் ஊசி என்னும் தெய்வத்தை வணங்கித் தொடங்குகிறோம். அவனுக்கு வயது நாற்பத்து நான்கு.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஆனி மாதக் கடைசியில், தகரத்தின்மேல் மழை முரசறைந்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமைக் காலை, அலாரக் கடிகாரத்தின் தலையில் தட்டுவதற்காக மன்னர்மன்னன் படுத்தபடியே இடப்பக்கம் திரும்பினான். திரும்பியதுதான் தாமதம், கூரை கீழே வந்தது, தரை மேலே போனது, சுவரில் மாட்டியிருந்த முருகனும் விட்டலனும் மாருதியும் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு ஓடினார்கள், பீரோ அறையை வலம் வந்தது. அரை நிமிடம் அண்டசராசரமும் அவனைச் சுற்றிவிட்டு ஒன்றும் நடவாததுபோல் அடங்கியது. மறுநாள் செவ்வாய்க்கிழமை, நாற்பதடி உயரத்தில், கொக்கியைப் பார்க்க இடப்பக்கம் தலையைச் சாய்த்த கணத்தில் அதே பகைவன் மீண்டும் பாய்ந்தான். பதினைந்து டன் அச்சு அந்தரத்தில் தொங்க, கீழே நின்ற காலாட்படை நாலாபுறமும் சிதறி ஓட, மாடசாமி கண்ணை இறுக மூடி, வாயில் வந்ததை விழுங்கி, பிடித்த லீவரை விடாமல் நின்றான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓடிய ஓட்டத்தில் ஒருவருடைய டீ மட்டும் கொட்டியது.

எதிர்நாயகன் இல்லாத காவியம் உப்பில்லாத பண்டம் என்பதால், இவ்விடத்தில் இருதயராஜை அழைக்கிறோம். இவன் இரண்டாம் ஆபரேட்டர். அதாவது, முதலாம் ஆபரேட்டர் லீவு போட்டால் மேலே ஏறுபவன். லீவே போடாத மாடசாமியின் கீழ் பதினோரு ஆண்டுகளாகத் தரையில் நின்று சைகை காட்ட விசிலை வாயில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டவன். அன்று ஏணியிலிருந்து தள்ளாடி இறங்கிய வேந்தனைத் தோள்கொடுத்துத் தாங்கியவனும் அவனே. தாங்கியவன் மொழிந்தான்:

"அண்ணாச்சி, நீங்க ஒடம்பப் பாத்துக்கிடுங்க. சீட்ட நான் பாத்துக்கிடுதேன்."

அன்று மாலையே அவன் கடைக்குப் போய் ஒரு குஷன் வாங்கினான்.

புதன்கிழமை காலை நாயகன் கம்பெனி டாக்டரின் சபையை அடைந்தான். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஆகவே ஞானமே வடிவான அம்மருத்துவப் பெருந்தகை, தலையை எந்தப் பக்கம் திருப்பினால் சுற்றுகிறது என்று கேளாமலும், அவன் தலையைத் தொடாமலும், ஒரு சோதனைச் சீட்டை இழுத்துப் போட்டு இந்தியில் முழங்கலானார்: தலைச்சுற்றலுக்குக் காரணம் ஆயிரம், குருதியைச் சோதித்தால் அவற்றுள் சிலவற்றைக் கழித்துக்கட்டலாம், எனவே சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு, உப்பு என்னும் நான்கு ஒற்றர்களையும் இவன் நரம்புக்குள் அனுப்பி உளவறியக் கடவோம். வண்டியில் போய் விழுந்து தொலைக்காதே, லேப்காரர் நாளைக் காலை ஏழரைக்கு உன் வீட்டுக்கே வருவார். இன்று இரவு எட்டு மணிக்கு மேல் தண்ணீரைத் தவிர ஒன்றும் உள்ளே போகக் கூடாது. சனிக்கிழமை ரிப்போர்ட்டோடு வா. வராவிட்டால் திங்கள் முதல் இருதயராஜ் மேலே. சர்க்கரை இருந்தாலும் இருதயராஜ் மேலே. உனக்குக் கேட்டில் வாட்ச்மேன் நாற்காலி. இவ்வளவும் ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது.

கேட்டில் நாற்காலி! அந்தச் சொல்லைக் கேட்டு மாடசாமியின் நெஞ்சு பட்ட பாட்டைச் சொல்லித்தான் ஆகவேண்டும். தரையில் அவன் யார்? இந்தியும் சரியாக வராத, மராட்டி பாதி புரிகிற, சூப்பர்வைசர் "ஏ மதராஸி" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஒரு ஆள். மேலே ஏறிவிட்டால் அதே சூப்பர்வைசர் அண்ணாந்து, கையாட்டி, கெஞ்சுவார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அவன் யாருக்கும் கீழே இல்லை. அந்த எட்டு மணி நேரத்துக்காகத்தான் மிச்சம் பதினாறையும் அவன் பொறுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து டாக்டரின் சீட்டை நீட்டியபோது, அரண்மனைத் தலைவி மல்லிகா தரையிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்று, பிறகு நடந்துவந்து வாங்கினாள். இவள் விரதக்கலையில் இரு நாட்டையும் வென்றவள். பிறந்த ஊர் பஞ்சாங்கப்படி செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சஷ்டி தனி. வாழவந்த ஊர் வழக்கப்படி திங்கள் சிவனுக்கு, வியாழன் தத்தருக்கு, சதுர்த்தி, ஏகாதசி தனி. இவற்றுக்கெல்லாம் ஒரு டீயும் இரவில் ஒரு கைப்பிடிச் சோறும் உண்டு. சனிக்கிழமை மட்டும், உயரத்தில் உட்கார்ந்திருக்கும் புருஷன் கீழே விழுந்துவிடக் கூடாதென்று மாருதிக்கு நேர்ந்துகொண்ட விரதம். அதற்குப் பச்சைத் தண்ணீரோடு சரி. புதனையும் ஞாயிற்றையும் எந்தத் தெய்வமும் கேட்காததால் அன்று சாப்பிட்டாள். "எனக்குந்தான் எந்திரிச்சா கிறுகிறுன்னு வருது" என்று அவள் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஆனால் காவியத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு தலைச்சுற்றல்தான் ஆகும். நாம் நாயகனிடம் போவோம்.

இரவு எட்டு மணிக்குப் போர்முரசு முழங்கியது. ஏழே முக்காலுக்குள் ஆறு சப்பாத்தி, ஒரு கிண்ணம் பருப்பு, அதன்மேல் சோறு என்று கோட்டைக்குள் தானியம் ஏற்றிக்கொண்டு முற்றுகைக்கு ஆயத்தமான மாவீரன், நெஞ்சை நிமிர்த்தி, தமிழ் கூறும் போபோடி முழுதும் கேட்குமாறு பிரகடனம் செய்தான்:

"பதினொண்ணரை மணி நேரந்தானட்டி. பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துருவேன். நானென்ன பச்சப் புள்ளையா?"

வெற்றியோடு உறங்கினான். பகைவன் விடியலுக்காகக் காத்திருந்தான்.

விடிந்தது ஆஷாட ஏகாதசி. மாநிலமே பட்டினி கிடக்கும் புனித நாள். மாநிலம் எப்படிப் பட்டினி கிடக்கும் என்பதை இந்நகரில் வாழ்ந்தவர் அறிவர்: அரிசியும் கோதுமையும் தொடார், அதற்கு ஈடாக ஜவ்வரிசியை ஊறவைத்து, வேர்க்கடலையை வறுத்துப் பொடித்து, நெய்யில் சீரகமும் பச்சை மிளகாயும் தாளித்து, உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டுக் கிளறி, மேலே கொத்துமல்லி தூவிய சாபுதானா கிச்சடியை ஒரு தட்டு, போதாவிட்டால் இரண்டு தட்டு உண்டு, உடலை வருத்தித் தவம் செய்வார்கள். தொழிற்சாலை கேன்டீனில் அன்று அதற்கு நிற்கும் வரிசை சம்பள நாள் வரிசையைவிட நீளம். பதினெட்டு ஆண்டுகளாக ஒரு ஏகாதசி தவறாமல் மாடசாமி இத்தவத்தை இயற்றி வந்தான். மல்லிகா ஐந்து மணிக்கே எழுந்து அதைச் செய்து, ஊசி கையைவிட்டு வெளியே வந்த மறுகணமே அவன் வாய்க்குள் போகவேண்டும் என்ற அன்பினால், அடுப்பு மேடையில் மூடிவைத்தாள். பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, சந்துமுனைக் குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் பிடித்துவரப் போனாள்.

அறையில் இருவர் மட்டும்: மாடசாமியும் கிச்சடியும்.

முதலில் வாசனை தூது வந்தது. நாயகன் அதைத் திருப்பி அனுப்பி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான். அடுத்து மூடியின் விளிம்பில் நெய் கசிந்து மின்னியது. நாயகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பியது இடப்பக்கம் ஆதலால் உலகம் ஒருமுறை சுழன்று, அவனைச் சரியாக அடுப்பு மேடையருகே கொண்டுவந்து நிறுத்தியது. மயக்கம் வந்தவன் கையை எங்காவது ஊன்றத்தானே வேண்டும்? மூடியின்மேல் ஊன்றினான். மூடி விலகியது. வெள்ளை முத்துகளாய் அணிவகுத்து, உருளைக்கிழங்கு யானைகள் புடைசூழ நின்ற அந்தச் சேனையைக் கண்டதும் அவனுக்குள் இரண்டு குரல்கள் வாதிட்டன. டாக்டர் சாப்பிடாதே என்றார், என்றது ஒன்று. இது சாப்பாடே அல்லவே, சாப்பிடாத நாளில் தின்பதல்லவா இது, என்றது மற்றது. முதற்குரலுக்கு வயிறு இல்லை. ஆகவே அது தோற்றது. மாவீரன் கரண்டியை உருவினான். வலப்பக்கம் வெட்டினான், இடப்பக்கம் வெட்டினான், யானைகளை ஒவ்வொன்றாய்ப் பிளந்தான், புறமுதுகிட்டு ஓடி வாணலியின் விளிம்பில் ஒளிந்த கடலைத்தூளையும் விரலால் வழித்து விண்ணுலகு அனுப்பினான். நாலு நிமிடத்தில் வாணலி காலி.

அப்போது மல்லிகா குடத்தோடு உள்ளே வந்தாள். குடத்தை இறக்கிவைத்து நிமிர்ந்தவள் வழக்கம்போல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண் தெளிந்ததும் வாணலி தெரிந்தது.

"அய்யோ, தின்னுட்டியளா? வெறும் வயித்துல இருக்கணும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்லா?"

"ஏட்டி, அது உபாஸ் சாப்பாடு. விரதத்துக்குன்னே திங்குத சாப்பாடு எப்பிடி விரதத்தக் கெடுக்கும்?"

"சாமிக்கு அது தெரியும். மெசினுக்குத் தெரியுமா?"

ஜவ்வரிசி முழுக்க மாவு, அதுபோய் இரத்தத்தில் சர்க்கரையாய் நிற்கும், நின்றால் கேட்டில் நாற்காலி என்று மாடசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. லேப்காரரை நாளைக்கு வரச்சொல்லலாமே என்று மல்லிகா சொல்லிப் பார்த்தாள். நாளைக்கு எடுத்தால் ரிப்போர்ட் சனிக்கிழமை கைக்கு வராது. திங்கள் காலை குஷன் மேலே ஏறிவிடும். வாசலில் பைக் வந்து நின்றது. ஆபத்துக் காலத்தில் அரசர்க்கு மதி மின்னலாய் வெட்டும் என்பார்கள், இவனுக்கும் வெட்டியது.

"நீ குடுத்துரு."

"நானா?"

"நீ நேத்து ராத்திரியில இருந்து ஒண்ணும் திங்கலல்லா? ரத்தம் ரத்தந்தானட்டி. புருசன் பொண்டாட்டிக்குள்ள ஒனக்கென்ன எனக்கென்ன?"

எமக்கு இந்த இடத்தில் கோபம் வருகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. சொன்னவனுக்குச் சர்க்கரைப் பயம் பாதி. மீதி ஊசிப் பயம். பதினெட்டு ஆண்டு நாற்பதடி உயரத்தில் நடுங்காதவன், லேப்காரரின் ஹெல்மெட்டைக் கண்டதிலிருந்து வியர்த்துக்கொண்டிருந்தான். மல்லிகாவுக்கு அது தெரியும். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள்.

லேப்காரர் உள்ளூர்க்காரர். ஆட்களைக் குடும்பப் பெயர் சொல்லியே கூப்பிட்டுப் பழகிய அவருக்கு, மாடசாமி என்பதும் ஒரு வீட்டின் பெயர். அந்த வீட்டில் எந்தக் கை நீண்டாலும் அது மாடசாமியின் கை. சீட்டைப் பார்த்தார். "மாடசாமி?" என்றார். மல்லிகா கையை நீட்டினாள். ஒரு முறை குத்தினார், நரம்பு அகப்படவில்லை. இரண்டாம் முறை அகப்பட்டது. அவள் இமைகூடத் தட்டவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்ட மாவீரன்தான் "ஸ்ஸ்" என்றான். குப்பி மெல்ல நிறைந்தது, அதன்மேல் மாடசாமி என்று எழுதி ஒட்டப்பட்டது, பைக் மழையில் மறைந்தது. அன்றும் அவள் விரதம் என்பதால் வாணலி காலியானதில் அவளுக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை வந்தது. ரிப்போர்ட் உறையை உடைவாள்போல் இடுப்பில் செருகி, நெற்றியில் திருநீறு துலங்க, கொக்கிவேந்தன் மீண்டும் சபை புகுந்தான். வெளியே பெஞ்சில் இருதயராஜ் குஷனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணாச்சிக்கு என்னாகுமோ என்ற கவலையில் வந்ததாகச் சொன்னான். டாக்டர் உறையைப் பிரித்தார். "சர்க்கரை எழுபத்தெட்டு" என்றார். விண்ணவர் பூமாரி பொழிந்தனர்! வெற்றி முழக்கம் மாடசாமியின் தொண்டைவரை வந்துவிட்டது. அதற்குள் டாக்டரின் விரல் அடுத்த வரிக்கு இறங்கி அங்கேயே நின்றது.

"ஹீமோகுளோபின் ஆறு புள்ளி ஒன்பது. ஆம்பிளைக்குப் பதிமூன்றாவது வேண்டும். நீ எப்படி நிற்கிறாய்? இதோடா கிரேன் ஏறினாய்?"

மாடசாமி நின்றான். நன்றாகவே நின்றான். அதுதான் வினையாயிற்று. பாதிக்குப் பாதி இரத்தத்தைக் காணவில்லை என்றால் எங்கோ ஒழுகுகிறது, எங்கே ஒழுகுகிறது என்று கண்டாகவேண்டும். டாக்டர் கேட்ட கேள்விகளை இந்த உயர்ந்த நடையில் எடுத்துரைக்க இயலாது. மூலம் உண்டா, கறுப்பாகப் போகிறதா, எத்தனை நாளாக என்று கேள்விகள் கீழே கீழே இறங்கி, முடிவில் "பேண்டைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் படு" என்ற ஆணையில் வந்து நின்றன. டாக்டர் அலமாரியைத் திறந்து ஒரு ரப்பர் கையுறையை எடுத்தார். விரல் விரலாக இழுத்துவிட்டுக்கொண்டார். மணிக்கட்டில் அது "பட்" என்று அறைந்த ஓசை, ஆயிரம் வில்லின் நாணொலியாய் மாடசாமியின் காதில் விழுந்தது.

சிம்மாசனத்துக்காக வயிற்றை மறைத்தவன், ஊசிப் பயத்தை மறைத்தவன், மனைவியின் கையைத் தன் கையென்று சாதித்தவன், அந்தக் கையுறையின் முன் ஆயுதங்களையெல்லாம் கீழே போட்டான். "சாப், அது என் ரத்தம் இல்ல! என் பொண்டாட்டி ரத்தம்!" என்று தமிழில் அலறி, புரியவில்லையோ என்று இந்தியில் அலறி, பெஞ்சில் இருப்பவனுக்கும் கேட்கும்படி மராட்டியில் ஒருமுறை அலறி, ஏகாதசி, ஜவ்வரிசி, நெய் எல்லாவற்றையும் ஒப்புவித்தான்.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, கம்பெனியையும் ஏகாதசியையும் தம் படிப்பையும் சேர்த்துத் திட்டினார். பிறகு அவன் விரலைப் பிடித்து, நுனியில் ஒரு குத்துக் குத்தி, கைமெஷினில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். காலை டிபன் ஆறு இட்லிக்குப் பிறகும் சர்க்கரை அளவோடுதான் இருந்தது. நாயகன் கண்ணில் நீர் தளும்பியது. வணக்கத்தில் நாம் முன்பே சொன்னோம். மற்றச் சோதனைகளுக்கு அவன் குருதியையே மறுபடி எடுக்க எழுதிவிட்டு, புதன்கிழமையே செய்திருக்க வேண்டியதை டாக்டர் இப்போது செய்தார்: கட்டிலில் படுக்கவைத்துத் தலையை இடப்பக்கம் திருப்பித் தொங்கவிட்டு, அவன் கண்மணிகள் துடிதுடித்து ஆடுவதைப் பார்த்தார். "காது," என்றார். உள்காதில் இடம்பெயர்ந்த மணல்போன்ற துகள்தான் உலகத்தைச் சுழற்றிய பகைவன். தலையை அங்கும் இங்குமாக நாலு திருப்புத் திருப்பி, உருட்டி உட்காரவைத்தார். சுழற்சி அடங்கியது. பத்து நாள் தரையில் இரு, அதற்குள் மறுபடி வரவில்லை என்றால் மேலே ஏறு என்று எழுதிக் கையெழுத்திட்டார். இருதயராஜுக்குப் பத்து நாள் கிடைத்தது, குஷன் வீண்போகவில்லை.

நாயகன் எழுந்து வாசலை அடைந்தபோது டாக்டர் கூப்பிட்டார். ரிப்போர்ட்டில் மாடசாமி என்ற பெயரை அடித்தார். "இதற்குச் சொந்தக்காரி பெயர் என்ன?" என்று கேட்டு, மேலே எழுதினார். ஆறு புள்ளி ஒன்பதைச் சிவப்பு மையால் இரண்டுமுறை வட்டமிட்டார். இரும்புச்சத்து மாத்திரை ஒரு மாதத்துக்கு எழுதி, இன்றே தொடங்கவேண்டும், திங்கட்கிழமை அவளை நேரில் அழைத்துவா, சுற்றவேண்டிய தலை உன்னுடையது அல்ல என்று சொல்லி அனுப்பினார். மாடசாமி லோக்கல் வண்டியில் திரும்பும்போது அந்தச் சிவப்பு வட்டத்தை இரண்டு மூன்று தடவை எடுத்துப் பார்த்தான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது எத்தனை வருடமாக என்று யோசித்தான். தெரியவில்லை.

மாலையில் வெற்றிவீரன் வீடு புகுந்தான்.

"ஒனக்கு ரத்தமே இல்லையாம்ட்டி. ஆறு புள்ளி ஒம்போதாம். டாக்டர் ஏசிட்டாரு."

"அத விடுங்க. ஒங்க சீட்டு?"

"பத்து நாள்ல ஏறலாம்னாரு."

மல்லிகா சுவரில் இருந்த மாருதியைப் பார்த்துக் கைகூப்பினாள். மாடசாமி மாத்திரை அட்டையை அவள் கையில் கொடுத்து, "இன்னைக்கே போடணுமாம்" என்றான். சொன்ன குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

வாழ்க மல்லிகா! பதினெட்டு ஆண்டுகள் நாற்பதடி உயரத்தில் ஒரு புருஷனைத் தன் பட்டினியென்னும் கயிற்றால் கட்டித் தூக்கிப் பிடித்தவளே வாழ்க! இரு நாட்டுத் தெய்வங்களும் உண்டதுபோக எஞ்சியதை உண்டு, எஞ்சாதபோது உண்ணாது, ஊசிக்குக் கண்ணிமைக்காது, பாதிக் குருதியோடு முழுக்குடம் சுமந்த பேரரசியே, வாழ்க, வாழ்க என்று, இத்தனை பக்கம் ஆளை மாற்றிப் பாடிவிட்ட வெட்கத்தோடு எம் நாவை இவள்பக்கம் திருப்பி, முரசும் சங்கும் முழங்க இக்காவியத்தை முதலிலிருந்து தொடங்கலாமென்று வாயெடுத்தோம்.

அட்டையில் சாப்பாட்டுக்குப் பிறகு என்று எழுதியிருந்ததாலும், அன்று சனிக்கிழமை என்பதாலும், மல்லிகா மாத்திரையைப் போட்டுக்கொள்ளவில்லை.